தலையணையும் துணையும்

எங்கள் ஊரான சபங்கானில் வயதில் மூத்த எந்த ஆணையும் ‘மனோங்’ என்றுதான் கூப்பிடுவோம். ஒரே ஒருவர் மட்டும் ‘குயா’. நெடுஞ்சாலை ஓரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் கார்ப்பியோ. தெற்கே பத்தங்காஸ் கடற்கரையில் பிறந்த தகலோ மொழிக்காரர். அவர்கள் ஊரில் அண்ணனுக்குக் குயா என்று பெயர். என் அக்கா ஒதிலியாவைக் கட்டிக்கொண்டு இலோக்கோ பேசும் எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டார். அவரைவிட மூத்த மீனவர்கள்கூட அவரைக் குயா என்கிறார்கள். அது முறை இல்லை, பட்டப்பெயர். அவரும் கடைப் பலகையில் அதையே எழுதி வைத்துவிட்டார்.

கடை வைப்பதற்கு முன் மணிலாவிலிருந்து லாவாக் வரைக்கும் ஓடும் பஸ்ஸில் நடத்துநராக இருந்தார். மற்ற நடத்துநர்கள் பயணியிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்பார்கள். இவர் அதையும் கேட்பார், பிறகு மடியில் இருக்கும் மூட்டையைக் காட்டி, “இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?” என்று கேட்பார். அக்காவைப் பார்த்ததும் அப்படித்தான். அக்கா பூண்டு மூட்டையோடு ஏறியிருந்தாள்.

“இதுக்கு என்ன பேரு?”

“பாவாங்.”

“அட, எங்க ஊர்லயும் பாவாங்தான்.”

“அப்ப சொந்தக்காரங்க ஆயிட்டோம். மூட்டைக்குக் காசு வாங்காதே.”

வாங்கவில்லை. கல்யாணத்தில் இந்தக் கதையை அக்காவே சொன்னாள். பூண்டுக்கு மட்டும் வேறு வேறு பெயர் இருந்திருந்தால் தான் தப்பித்திருப்பேன் என்றாள்.

பள்ளிப் படிப்பு முடிந்தபின் என்னால் வீட்டில் இருக்க முடியாது. பகல் முழுவதும் அவர் கடை பெஞ்சில்தான் இருப்பேன். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைத் தேடிக்கொண்டே அவர் சொற்களைப் பற்றிப் பேசுவார். பஸ் தார்லாக்கைத் தாண்டும்போது தகலோவில் பேசிக்கொண்டே தூங்கிப்போனவர்கள், லா யூனியனில் இலோக்கோவில் பேசிக்கொண்டு எழுந்திருப்பார்களாம். நடுவில் எந்த ஊரில் பேச்சு மாறுகிறது என்று பார்க்க அவர் பல தடவை கண் விழித்து உட்கார்ந்திருக்கிறார். கண்டுபிடிக்க முடியவில்லை.

“மாறலை, அடிங். சட்டையைத்தான் மாத்திக்குது” என்பார். அடிங் என்பது தம்பி தங்கைகளைக் கூப்பிடும் எங்கள் சொல். அவர் வாயில் முதலில் ஒட்டிய இலோக்கோ சொல் அதுதான். “நீங்க வீட்டை பாலாய்னு சொல்றீங்க, நாங்க பாஹாய்னு சொல்றோம். வழிக்கு நீங்க தாலான், நாங்க தாஆன். நிலாவுக்கு நீங்க பூலான், நாங்க பூவான். உங்ககிட்ட இருக்கிற லா எல்லாம் எங்ககிட்ட எங்க போச்சு, சொல்லு.”

“எங்க போச்சு?”

“தெற்கே போற வழியில பஸ்லேர்ந்து விழுந்திருக்கும்.”

இப்படிச் சிரிக்க வைத்துவிட்டு, குமிழி வந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பார். அப்போது அவர் முகம் கோயிலுக்குள் நுழைந்தவர் முகம் மாதிரி இருக்கும்.

அவர் சொல்வதெல்லாம் சரி என்று நான் சொல்ல மாட்டேன். ‘யாமான்’ என்றால் எங்களுக்கு நன்றி, அவர்களுக்குச் செல்வம். இரண்டும் ஒரே சொல்தான் என்று அவர் சாதிப்பார். நன்றி சொல்கிறவன் தன் செல்வத்தைத்தான் எடுத்துக் கொடுக்கிறான் என்பார். வலை பின்னும் மனோங் சின்ஃபோரோசோ ஒரு நாள் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டு, “அக்யாமானாக், குயா” என்று நன்றி சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார்.

“காசு?”

“இப்பத்தானே செல்வத்தையே குடுத்தேன்.”

“உங்க செல்வத்துல பசை வாங்க முடியாது, மனோங்.”

“மனோங்னே நம்ம சொல் இல்லையாமே. ஸ்பெயின்காரன் விட்டுட்டுப் போனதுன்னு நீதானே சொன்னே.”

“குயாவும் சீனாக்காரன் கப்பல்ல வந்ததுதான். அண்ணன்னு கூப்பிட நம்மகிட்ட ஒண்ணும் மிஞ்சலை போல.”

“அப்ப ஆதியில இந்தத் தீவுல எல்லாருமே தம்பிங்கதான். தம்பிகிட்ட யாரு காசு வாங்குவாங்க?”

அன்றும் காசு வரவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் வேடிக்கை பேச மாட்டார். தகலோ என்றால் ‘தகா இலோக்’, ஆற்றைச் சேர்ந்தவர்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இலோக்கோ என்றால் விரிகுடாவில் இருப்பவர்கள் என்று சொல்வதுண்டு. எங்கள் சபங்கான், ஆறு கடலோடு சேரும் இடம். ஊர்ப்பெயருக்கும் அதுதான் பொருள். தான் ஆற்றோடு வந்து விரிகுடாவில் இருக்கும் ஒரு பெண்ணிடம் சேர்ந்ததாக அவர் நம்பினார். ஆறு எங்கே போனாலும் தன்னுடையது என்று நம்பினார். அந்த நம்பிக்கையால்தான் பிறகு நடந்தது நடந்தது.

அக்காவுக்கு முதல் இரண்டு கர்ப்பமும் நிற்கவில்லை. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேச மாட்டோம். மூன்றாவது நின்றது. பத்து மாதமும் குயா தினமும் வேலை முடிந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து அக்காவின் வயிற்றருகில் உட்கார்ந்து அன்று கேட்ட சொற்களைச் சொல்வார். “உள்ளே இருக்கிறது தூங்கட்டும், விடு” என்று அக்கா அவர் தலையைத் தள்ளுவாள்.

குழந்தை அரசு மருத்துவ நிலையத்தில் ஒரு விடிகாலையில் பிறந்தது. பெண். இங்கே வீட்டில் எங்கள் அம்மா, நாங்கள் கூப்பிடுகிற மாதிரி சொன்னால் நானாங், மண்பானை ஒன்றைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். படிக்கட்டுக்குப் பக்கத்தில், கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்தில் நான் குழி தோண்டினேன். குழந்தையோடு வரும் நஞ்சுக்கொடியைப் பானையில் வைத்து, பிள்ளை நன்றாகப் படிக்கக் கூடவே ஒரு பென்சிலும் ஒரு துண்டுக் காகிதமும் போட்டு அங்கே புதைக்க வேண்டும். என்னுடையதும் அக்காவுடையதும் அந்தக் கூரையடியில்தான் இருக்கின்றன. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. தெரியாதவர் இருப்பார் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

குயா வெறுங்கையோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, நானாங். நாளைக்கு அனுப்பிடுவாங்களாம்.”

“எங்கே?”

“எது?”

“நர்ஸ் ஒண்ணும் குடுக்கலையா?”

“அதுவா. ஐஸ்கிரீம் டப்பால போட்டுக் குடுத்தாங்க. வர்ற வழியிலயே ஆத்துல விட்டுட்டேன். நல்ல இழுப்பு இருந்தது, இந்நேரம் கடலுக்குப் போயிருக்கும்.”

நானாங் படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். கவிழ்த்திருந்த பானையைப் பார்த்துக்கொண்டே, “அவகிட்ட நீயே சொல்லிடு, கார்ப்பியோ” என்றாள்.

அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுநாள் அக்கா டிரைசைக்கிளிலிருந்து இறங்கியதும் கூரையடியைப் பார்த்தாள். குழி திறந்து கிடந்தது. பானை காலியாக இருந்தது. அக்கா நேராக மேலே போய்ப் பாயில் படுத்துக்கொண்டாள்.

குழந்தை பால் குடிக்கவில்லை. மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. பிறகு அழுவதும் குறைந்தது. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, சில குழந்தைகள் இப்படித்தான், விடாமல் கொடுத்துக்கொண்டே இருங்கள், நாளைக்கும் குடிக்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றாள். முருங்கைக்கீரை போட்டு நானாங் வைத்த கோழிக் குழம்பை அக்கா தொடவில்லை. குயா அறை வாசலில் நின்றால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் அவர் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தார். நான் விசிறிக்கொண்டிருந்தேன்.

“ஏதாவது பேசு, ஒதிலியா.”

“என்ன பேச? முதல் ரெண்டும் தனியாப் போச்சு. இதையும் தனியா விட்டுட்டு வந்திருக்கே.”

“நான் என்ன கெட்டதா பண்ணேன்? எங்க ஊர்ல அப்படித்தான். எங்க அப்பா என்னோடதையும் ஆத்துலதான் விட்டார். நாங்க அதை ‘இனுனான்’னு சொல்வோம். ‘ஊனான்’னா தலையணை. பிள்ளை உள்ளே இருக்கறப்போ தலை வெச்சுப் படுத்திருந்ததுன்னு அர்த்தம். எழுந்து வந்தாச்சு, இனி தலையணை எதுக்கு? அது ஆத்தோட போனா பிள்ளை சோம்பலா இருக்காது, எந்த ஊருக்கும் பயப்படாமப் போகும்.”

அக்கா முதல் தடவையாக அவர் பக்கம் திரும்பினாள்.

“உங்களுக்குத் தலையணை. நாங்க என்னன்னு சொல்வோம் தெரியுமா?”

அவர் தலையசைத்தார். அத்தனை பேரிடம் அத்தனை சொற்கள் கேட்டவர் இதை ஒருநாளும் கேட்டதில்லை. பஸ்ஸில் யாரும் அதை மடியில் வைத்துக்கொண்டு வருவதில்லையே.

“கத்கதுவா.”

“கதுவான்னா கூட்டாளி.”

“கூட்டாளி இல்லை. கூடவே இருக்கிற ஆளு. உள்ளே இருட்டுல அவகூட இருந்தது அது ஒண்ணுதான். நானும் இல்லை, நீயும் இல்லை. ரெண்டு பேராத்தான் வந்தாங்க. தலையணையை ஆத்துல விடலாம், கார்ப்பியோ. கூட வந்த ஆளை யாராவது விடுவாங்களா? இந்த வாசல்ல வெச்சிருந்தா அவ எங்கே போனாலும் அது இங்கேருந்து கூப்பிடும். இப்ப அது கடல்ல நின்னுகிட்டு இவளைக் கூப்பிடுது. இவ எங்கே திரும்பிப் பால் குடிப்பா?”

அவர் உதடு மட்டும் அசைந்தது. துவா, கதுவா, கத்கதுவா என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். துவா என்றால் இரண்டு. பிறகு என்னிடம், “உங்க பேச்சில உயிருக்கு என்ன சொல்வீங்க? செத்தப்புறமும் இருக்குமே, அதுக்கு?” என்றார்.

“கராருவா.”

“நாங்க ‘கலுலுவா’ன்னு சொல்வோம்.” அவர் குரல் இறங்கிவிட்டது. “அதுக்குள்ளயும் அந்தத் துவாதான், ரெண்டுதான் இருக்கு. உங்களோடதுல ருவான்னு இருக்கு, எங்களோடதுல லுவான்னு இருக்கு. உயிர்ங்கிறது ஒண்ணுன்னு நெனச்சுகிட்டு இருந்தேன். ரெண்டாமே, ஒதிலியா. எனக்கு யாரும் சொல்லலையே. வாய் முழுக்கச் சொல்லிக்கிட்டே இருந்திருக்கேன், எனக்குத் தெரியலையே.”

இதுவரை அவர் சொல்லிக் கேட்டது எல்லாம் எனக்கு விளையாட்டாகத்தான் இருந்தது. அன்று என் கையில் விசிறி நின்றுபோனது. எந்தக் காலத்திலோ, இந்தத் தீவுக்கு யாரோ படகில் வந்த நாளில், ஒருவர் உயிர் என்ன என்று யோசித்து இரண்டு என்று சொல்லியிருக்கிறார். பிறகு ஒரு கூட்டம் வடக்கே வந்தது, ஒரு கூட்டம் தெற்கே நின்றது. மீதி எவ்வளவோ மாறிப்போன பிறகும் அந்த இரண்டை மட்டும் இரண்டு கூட்டமும் கீழே போடவில்லை. அப்படித்தான் நடந்திருக்கும் என்று எனக்குப் பட்டது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

“கூப்பிட்டா வருமா?” என்று அவர் கேட்டார்.

எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஆற்றில் குளித்துவிட்டுக் கிளம்பும்போதோ, விழுந்து பயந்த குழந்தையைத் தூக்கும்போதோ, “வா, போகலாம், இங்கேயே நின்னுடாதே” என்று நம் உயிரைக் கூப்பிட்டுக்கொண்டுதான் நகர்வோம். பஸ் சாப்பாட்டுக்கு நின்று கிளம்பும்போது கிழவிகள் இப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு, “அவருக்கும் டிக்கெட் எடுத்தீங்களா, பாட்டி?” என்று கேலி செய்தவர் இவர்தான்.

“விட்டவர்தான் கூப்பிடணும்” என்றாள் அக்கா. “திரும்பிப் பார்க்காம வீடு வரைக்கும் வரணும். நடுவுல வேற பேச்சு பேசக் கூடாது.”

“எந்த பாஷையில?”

அக்கா யோசித்தாள். “உள்ளே இருக்கறப்போ ரெண்டையும்தான் கேட்டுக்கிட்டு இருந்தது” என்றாள்.

குழந்தையைச் சுற்றியிருந்த முதல் துணியை எடுத்துக்கொண்டு அவர் ஆற்று முகத்துக்குப் போனார். நானும் போனேன். கடல் உள்ளே வாங்கியிருந்தது. அவர் கணுக்கால் தண்ணீரில் நின்று துணியை நனைத்தார். பிழிந்தார், மறுபடி நனைத்தார். மணலில் வலையோடு உட்கார்ந்திருந்த மனோங் சின்ஃபோரோசோ, “என்ன குயா, துணி துவைக்க அனுப்பிட்டாளா?” என்றார். குயா திரும்பவில்லை. தண்ணீரைப் பார்த்து, “வா, போகலாம். இங்கேயே நின்னுடாதே” என்று இலோக்கோவில் சொன்னார். பிறகு தன் பேச்சில், “வாம்மா, வீட்டுக்குப் போவோம்” என்றார். சின்ஃபோரோசோ தொப்பியைக் கழற்றிவிட்டார்.

அவர் முன்னால் நடந்தார். நான் பின்னால், நடுவில் இன்னொருவர் நடக்க இடம் விட்டு நடந்தேன். அப்படி யாரும் சொல்லவில்லை, கால் தானாகப் பின்தங்கியது. சில அடிகளுக்கு ஒரு தடவை அவர் கூப்பிட்டார். கிணற்றடியில் பெண்கள் பேச்சை நிறுத்தி ஒதுங்கினார்கள். புகையிலை காயப்போட்ட முற்றத்தில் ஒருத்தி தன் நாயைக் கழுத்தோடு பிடித்துக்கொண்டாள். அது அந்தக் காலி இடத்துக்குள் போகாமல் இருக்கத்தான்.

நெடுஞ்சாலைக்கு வந்தோம். எங்கள் வீடு அந்தப் பக்கம். லாவாக் பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது, அவர் முன்பு வேலை பார்த்த அதே கம்பெனி வண்டி. அவர் நிற்கவில்லை. கூப்பிட்டுக்கொண்டே சாலையில் இறங்கிவிட்டார். பஸ் பிரேக் போட்டு நின்றது. படியில் நின்றிருந்த நடத்துநர் எலேனோ. குயாவிடம் வேலை கற்றவர். “குயா, செத்துப்போக ஆசையா?” என்று ஆரம்பித்தவர் அவர் கையிலிருந்த ஈரத்துணியைப் பார்த்தார்.

குயா சாலையைக் கடந்துவிட்டார். நான் இன்னும் இந்த ஓரத்தில் நின்றிருந்தேன். பஸ் நகரவில்லை. ஓட்டுநர் எங்கள் பக்கத்து ஆள்தான். இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டு தார்ச்சாலையின் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்த லாரி ஒரு தடவை ஹாரன் அடித்து நிறுத்திக்கொண்டது. ஜன்னல்களில் அத்தனை முகம். சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று, பிறந்து சில நாள்கூட ஆகாதது, தன் சின்ன நடையில் அந்தச் சாலையைக் கடந்து முடிக்கும் வரைக்கும் அவ்வளவு பெரிய வண்டி நின்றது. என் வாழ்நாளில் அதைவிடப் பெரிய எதையும் நான் பார்த்ததில்லை.

பிறகு நான் கடந்தேன். எலேனோ குதித்து இறங்கிக் குயாவிடம் ஓடினார். தன் டிக்கெட் கட்டிலிருந்து ஒன்றைக் கிழித்து, அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டுத் திரும்பி ஓடி ஏறிக்கொண்டார்.

வீட்டில் அக்கா குழந்தையோடு மேற்படியில் உட்கார்ந்திருந்தாள். குயா கீழ்ப்படியில் நின்றார். எங்கள் வழக்கப்படி அக்கா கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

“வந்தாச்சா?”

“வந்தாச்சு.”

நானாங் பானையை எடுத்து வைத்தாள். அவர் ஈரத்துணியை மடித்து உள்ளே வைத்தார். பென்சிலை நான் கொடுத்தேன். காகிதம் என்று கை நீட்டியபோது அவர் சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்துப் போட்டார். அக்கா எட்டிப் பார்த்தாள்.

“அது யார் டிக்கெட்?”

“அதோடதுதான். ஓசில வரலை.”

“பஸ் டிக்கெட்டை உள்ளே வெச்சா பிள்ளை வீட்டுல தங்குவாளா?”

“எங்க அப்பா ஆத்துல விட்டார், நான் தங்கலையா?”

அக்காவுக்கு அடக்க முடியவில்லை. சிரித்தாள். சிரிப்பில் குழந்தை குலுங்கி விழித்து அழுதது. அக்கா அப்படியே படியில் உட்கார்ந்தபடி அதை மார்பில் சேர்த்தாள். அது திரும்பிக்கொண்டது, தேடியது, மறுபடி திரும்பியது, பிடித்தது. கொஞ்ச நேரம்தான். விட்டுவிட்டுத் தூங்கியது. குயா குழியை மூடிக்கொண்டிருந்தார். மண்ணைத் தட்டிய கை அங்கேயே நின்றது.

அன்று மாலை இன்னொரு தடவை குடித்தது. பால் சரியாகச் சுரக்க அத்தனை நாள் ஆகும் என்றாள் நர்ஸ். நானாங் அவளுக்கும் ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்து அனுப்பினாள். எது எதனால் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது.

இப்போது குழந்தை ஓடுகிறாள். குயா பஞ்சர் கடையில் பழையபடி வருகிறவர்களிடம் பெயர் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் கேட்டதும் தன் பேச்சோடு ஒப்பிட்டு ஏதாவது சொல்வார். இப்போது, “அப்படின்னா என்ன செய்வீங்க அதை?” என்றும் கேட்கிறார். பதில் வரும் வரைக்கும் காத்திருக்கிறார்.

சாயங்காலம் கடையைப் பூட்டும்போது மகளைத் தூக்கிக்கொண்டு, கடைக்குள் பார்த்து, “வா, போகலாம்” என்று கூப்பிடுகிறார். பிறகு உடனே நடப்பதில்லை. சாலையோரத்தில் கொஞ்சம் நிற்கிறார். அவள் அவர் தோளுக்கு மேலாகப் பின்னால் எட்டிப் பார்த்து, வந்தாச்சு என்கிறாள். அதற்கப்புறம்தான் சாலையைக் கடக்கிறார்கள்.